போடியார் எங்கே படுத்தார்

எங்கள் பெரிய வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கேள்வியோடு வந்தாலும் கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான். போடியார் எந்த அறையில் படுத்தார்? வாவிப் பக்கம் திறக்கும் யன்னல்களைப் படம் எடுப்பார்கள். முதிரைத் தூண்களைக் கட்டிப்பிடித்துப் பார்ப்பார்கள். கூரையில் எத்தனை ஓடு இருக்கும் என்றுகூட ஒரு வெள்ளைக்காரர் கேட்டார். ஆனால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அத்தனை வயலும் மாடும் வைத்திருந்த ஒரு மனிதர் எங்கே தலை சாய்த்தார் என்று தெரியாமல் ஒருவரும் படி இறங்கமாட்டார்கள்.

எட்டு வருஷமாக நான் முன்னறையைக் காட்டி வந்தேன். அங்கே நாலு கால்களிலும் பூ வேலை செய்த பெரிய கட்டில் ஒன்று கிடக்கிறது. "இங்கேதான்" என்பேன். திருப்தியாகத் தலையாட்டுவார்கள். பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்ப்பார்கள். கட்டில் இந்த வீட்டுடையதே அல்ல. வீட்டைப் பொறுப்பெடுத்த மரபுரிமைக் குழு எங்கோ பழைய சாமான் கடையில் வாங்கிக் கொண்டுவந்து போட்டது. போடியார் அந்த அறையில் படுத்ததும் இல்லை. நான் சொன்னது முழுப் பொய், அதுவும் ஒரு டீச்சர் வாயால் சொன்ன பொய்.

உண்மையைச் சொல்வதென்றால் எங்கள் ஊர் வழக்கத்தை முதலில் சொல்லவேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. தகப்பன் கட்டுவார், பிறகு அது மகளுக்குச் சீதனமாகப் போகும், கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டுக்கு வந்து இருப்பான். மூத்த மகளின் கலியாணம் முடிந்து கொஞ்சக் காலத்தில் தாயும் தகப்பனும் வீட்டை அவளிடம் விட்டுவிட்டு அதே வளவுக்குள் வேறொரு சின்ன வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாரும் யாரையும் துரத்துவதில்லை. மழை பெய்தால் விதைப்பதுபோல அது பாட்டுக்கு நடக்கும்.

இந்தப் பெரிய வீட்டைக் கட்டியவர் போடியார்தான், அதில் பொய் இல்லை. ஆனால் தனக்காகக் கட்டவில்லை. என் அம்மாவின் அம்மாவின் அம்மாவுக்காக, அதாவது தன் மூத்த மகளுக்காகக் கட்டினார். தூணுக்கு மரம் காட்டிலிருந்து வண்டியில் வந்தது, தரைக்குக் கல் தோணியில் வந்தது என்பார்கள். கட்டி முடித்து, மகளைக் கட்டிக்கொடுத்து, சாவிக் கொத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போடியாரும் மனைவியும் கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கள் பழைய வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். இரண்டு அறையும் ஒரு குசினியும். அதைத்தான் நாங்கள் பின்வீடு என்போம். போடியார் செத்ததும் அங்கேதான். பெரிய வீட்டு விறாந்தைக்குக்கூட அவர் மகள் கூப்பிட்டால்தான் போவாராம்.

பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் அதே கதை. மகளுக்குக் கலியாணம் என்றால் பெற்றோர் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்வீட்டுக்குப் போவார்கள். சூறாவளி பெரிய வீட்டின் பாதி ஓட்டைத் தூக்கிக்கொண்டு போனது. சண்டைக் காலத்தில் யார் யாரோ வந்து இருந்துவிட்டுக் கதவுகள் இல்லாத வீட்டைத் திருப்பித் தந்தார்கள். அப்போதெல்லாம் குடும்பம் முழுவதும் பின்வீட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அது ஒருநாளும் விழவில்லை.

என் முறை வந்தபோது எனக்கு வயது இருபத்தைந்து. கலியாணம் முடிந்து ஏழாம் மாதம் அம்மாவும் அப்பாவும் போனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை. அம்மா இரண்டு பானையும் ஒரு குத்துவிளக்கும் எடுத்தாள். அப்பா ஒரு தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தார். நாற்பது அடி தூரம்தான். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மத்தியானம் அம்மாவே மீன் ஆணம் கொண்டுவந்து தந்தாள்.

தோன்றவைத்தவள் வேறொருத்தி. அடுத்த வருஷம் ஆசிரியப் பயிற்சிக்காக வேறு மாவட்டத்துக்குப் போனேன். விடுதியில் ஒருநாள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போது நானும் என் வீட்டுக் கதையைச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்ப தாய் தேப்பனைக் கோடிப்பக்கம் கலைச்சுப்போட்டு நீங்கள் மாளிகையில இருக்கிறியளோ?" என்று கேட்டாள். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த நாற்பது அடி தூரத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. ஊருக்கு வந்து அம்மாவிடம் "நீங்க இஞ்ச வந்து இருங்களன்" என்றேன். "விசரா உனக்கு?" என்றாள் அம்மா. அவ்வளவுதான். வெளியூராரிடம் பின்வீட்டைப் பற்றி வாய் திறப்பதை நான் அத்தோடு நிறுத்திவிட்டேன். அந்த வெட்கம் முப்பத்தைந்து வருஷம் என்னோடு இருந்தது.

எனக்குப் பெண்பிள்ளை இல்லை. ஒரே மகன், அவன் சுவிஸில் இருக்கிறான், அவனுக்கு மனைவி வீடு ஒன்று அங்கேயே இருக்கிறது. வாங்க மகள் இல்லாத வீட்டை வைத்து நான் என்ன செய்வது? ஓடு மாற்றி மாற்றியே என் வீட்டுக்காரரின் முதுகு வளைந்துவிட்டது. அம்மா செத்து நாலு வருஷத்தில் வீட்டையும் வளவையும் மரபுரிமைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். நாங்கள் இருவரும் றோட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாகக் கட்டிக்கொண்டு போனோம். அப்பா பின்வீட்டிலேயே இருந்தார். ஓய்வு பெற்ற எனக்குக் குழு பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலை தந்தது. பிறந்த வீட்டையே சுற்றிக்காட்ட ஒரு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

எழுதிக் கொடுத்த அந்தக் கிழமைதான் நான் என் வாயால் கெட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பித்திருப்பேன்! வளவை அளந்து படம் கீற வெளியூர்ப் பொறியியலாளர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். அப்பா அன்று செட்டிபாளையத்தில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். பொறியியலாளர் கிணற்றடியில் நின்று பின்வீட்டைக் காட்டி, "இது வேலைக்காரர் இருந்த இடம்போல?" என்று கேட்டார்.

உள்ளே கொடியில் அப்பாவின் சாறம் காய்ந்துகொண்டிருந்தது. அது என் அப்பா இருக்கிற வீடு என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாளிகையில் இருந்த மகள், கோடியில் இருந்த தகப்பன். விடுதியில் சிரித்த சிரிப்பு காதில் விழுந்தது.

"ஓம்" என்றேன்.

அவர் குறித்துக்கொண்டார். நான் தேத்தண்ணீர் போட்டுக்கொடுத்தேன்.

அந்த ஒரு 'ஓம்' எட்டு வருஷம் எங்கேயோ ஒரு பைலுக்குள் தூங்கியது. இந்த வருஷம் பங்குனியில் எழுந்தது. பார்வையாளர் கூடிவிட்டார்களாம், அவர்களுக்கு வாகனத் தரிப்பிடமும் கக்கூஸும் கட்டவேண்டுமாம். குழுவிலிருந்து கடிதம் வந்தது. "பெறுமதியற்ற பிற்காலக் கட்டடமான வேலையாள் குடில்" ஆவணி பிறக்குமுன் அகற்றப்படும், அங்கே தங்கியிருப்பவர் இடத்தைக் காலிசெய்து தரவேண்டும் என்று எழுதியிருந்தது. தங்கியிருப்பவருக்கு வயது எண்பத்தாறு.

கடிதத்தை என் கைப்பைக்குள் வைத்தேன். இரண்டு கிழமை ஒருவருக்கும் சொல்லவில்லை, வீட்டுக்காரருக்குக்கூட. ஒவ்வொரு நாளும் மத்தியானம் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று போவேன். அப்பா றேடியோவைத் திட்டிக்கொண்டோ, பக்கத்து வளவு ஆட்டைத் திட்டிக்கொண்டோ இருப்பார். சொல்லாமலே திரும்புவேன்.  சித்தாண்டி முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். முருகன் என்ன செய்வார், பொய் சொன்னது அவரா?

அப்பாவிடம் நான் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. ஒருநாள் காலை இரண்டு பேர் வந்து அவர் குசினிச் சுவரோரம் முளைக்கட்டை அடித்தார்கள். உன்னிச்சைக் குளத்தில் வான்கதவு திறக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவர் அப்பா. முளைக்கட்டை அடித்தால் படமும் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். படத்தைக் கேட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்திருக்கிறார். அதில் பின்வீட்டின்மேல் வேலையாள் குடில் என்றும், தகவல் தந்தவர் என்று என் பெயரும் இருந்தது.

நான் சோற்றோடு போனபோது விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"புள்ள, இஞ்ச வா. உன்னட்ட ஒண்டு கேக்கணும்."

"என்னப்பா?"

"நான் ஆருக்கு வேலைக்காரன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் எதையாவது எதிர்த்துச் சொல்லியிருப்பேன். எங்கள் குடும்பத்தில் சத்தம் போட்டுத்தான் பழக்கம். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போலக் கேட்டார். சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். விடுதியில் சிரித்ததிலிருந்து பொறியியலாளருக்குச் சொன்ன 'ஓம்', கைப்பைக்குள் ஒளித்துவைத்த கடிதம் வரை எல்லாவற்றையும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னேன்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டார். "ஆணம் ஆறப்போகுது" என்றார். பிறகு சாப்பிட்டார். என்னோடு மேற்கொண்டு ஒரு சொல் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அந்தக் கிழமை முழுவதும் பேசவில்லை. சோற்றை வாங்குவார், கோப்பையைக் கழுவித் திருப்பித் தருவார். திட்டாத அப்பாவை நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

மறுநாளே பட்டணத்துக்குப் பஸ் ஏறிக் குழுத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். நான் சொன்னது பொய் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவருக்கு என்னைப் பார்த்துப் பரிதாபமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் திட்டம் மேலிடத்தில் ஒப்புதலாகிவிட்டது, இனி அதை நிறுத்தவேண்டுமென்றால் கட்டடங்களைப் பார்க்கிற அதிகாரி வந்து எழுதித் தரவேண்டும் என்றார். "அவங்க செவ்வாய்க்கிழமை வருவாங்க டீச்சர். ஆனா சரியான கண்டிப்பான ஆள்" என்றார். போன உயிர் பாதிதான் திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தவர் என்னைவிட இருபது வயது இளையவர். தலையில் முக்காடு, காலில் சப்பாத்து, கையில் அளவு நாடா. காத்தான்குடிக்காரர். சிரிக்கவே இல்லை. பெரிய வீட்டைப் பார்க்கவில்லை, நேரே பின்வீட்டுக்குப் போய்ச் சுவரில் உதிர்ந்த இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். செங்கல்லை அளந்தார். வாசல் நிலையை அளந்தார். பிறகு திரும்பிப் பெரிய வீட்டுக்குப் போய் அங்கேயும் செங்கல்லை அளந்துவிட்டு வந்தார்.

"அக்கா, இதுதான் பழசு" என்றார். "பெரிய வீட்டை விட இது பழசு. வேலைக்காரருக்கு வீடு கட்டிட்டா முதலாளிக்குக் கட்டினவங்க?"

நான் மறுபடியும் முழுக் கதையையும் சொன்னேன். இந்தத் தடவை அழவில்லை. போடியார் பின்வீட்டில் செத்தது, தலைமுறை தலைமுறையாகப் பாய் சுருட்டியது, நான் முப்பத்தைந்து வருஷமாக வெட்கப்பட்டது, எல்லாம். விடுதியில் அவள் கேட்ட கேள்வியைச் சொன்னபோது அந்த அதிகாரி நாடாவைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கட வாப்பாவும் உம்மாவும் பின்னாலதான் இரிக்காங்க" என்றார். "நான்தான் மூத்தவ. என்ட கலியாணத்தோட வீட்டை எனக்குத் தந்துட்டு, பின்னால ரெண்டு அறை போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. காலம்பற நான் ஒபிசுக்கு வரக்குள்ள என்ட புள்ளையள் அங்கதான் ஓடும். இதுக்குப் போய் ஆராவது வெக்கப்படுவாங்களா அக்கா?"

அப்போதுதான் சிரித்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் உடனே முகத்தைப் பழையபடி வைத்துக்கொண்டார். "செங்கல் பழசு எண்டு மட்டும் எழுதினா காணாது. பழைய குசினி, பழைய மாட்டுக்கொட்டில் எண்டு சொல்லி உடைச்சுப்போடுவாங்க. வீட்டுக்காரங்கதான் இரிந்தாங்க எண்டதுக்குக் கடதாசி ஏதும் இரிக்கா? சீதன உறுதி?"

என் சீதன உறுதிப் பத்திரத்தை நான் ஒருநாளும் வாசித்ததில்லை. நொத்தாரிசு காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன், அத்தோடு சரி. குழுவுக்கு எழுதிக் கொடுத்தபோதும் அப்படித்தான். எங்கள் ஊரில் வீடு பெண்களுடையது, வீட்டுக் கடதாசி ஆண்களின் பெட்டியில். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் இவ்வளவு நேரமும் விறாந்தைக் கதிரையில் வாய் திறவாமல் இருந்து, அளக்கிறதையும் கீறுகிறதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, உறுதி உங்களிட்டயா இரிக்கு?"

"வேலைக்காரன்ட பெட்டிக்குள்ள உறுதி இரிக்குமா?" என்றார்.

ஒரு கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. குத்தல் என்றாலும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டார். அப்பா இன்னும் கொஞ்ச நேரம் என்னை அப்படியே நிற்கவைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அந்தத் தகரப் பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தார்.

உள்ளே ஒரு உறுதி அல்ல, நாலு இருந்தது. என்னுடையது, அம்மாவுடையது, அம்மாவின் அம்மாவுடையது, பெரிய வீட்டை முதன்முதலில் வாங்கிய அந்த மகளுடையது. கடைசியானது தொட்டால் உதிரும்போல இருந்தது. அதிகாரி ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்து வாசித்தார். நான் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

நாலிலும் ஒரே பந்தி இருந்தது. நொத்தாரிசுத் தமிழ், ஒரே வசனம் அரைப் பக்கம் ஓடும். சாரம் இவ்வளவுதான்: வீடும் வளவும் மகளுக்கு, கிணற்றுக்கு மேற்கே உள்ள வீட்டில் பெற்றோர் இருவரும் தங்கள் சீவிய காலம் முடியும்வரை இருக்கும் உரித்து அவர்களுக்கே, அதைத் தடுக்க மகளுக்கோ அவளுக்குப் பின் வருபவருக்கோ அதிகாரமில்லை. போடியாரின் உறுதியில் அவருடைய பெயர் இருந்தது. என்னுடையதில் அம்மாவின் பெயரும் அப்பாவின் பெயரும் இருந்தன. நான் குழுவுக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்திலும் முன்னைய உறுதியில் கண்ட உரித்துகளுக்கு உட்பட்டு என்று நொத்தாரிசு ஒரு வரி போட்டிருந்ததைப் பிறகு பார்த்தோம். அந்த வரியை நானும் வாசிக்கவில்லை, வாங்கிய குழுவும் வாசிக்கவில்லை.

"முடிஞ்சுது அக்கா" என்றார் அதிகாரி. "ஐயா இரிக்கிற வரைக்கும் இதில ஒரு ஓடு கழட்ட ஏலாது. அதுக்குப் பிறகும் ஏலாது, அதுக்கு நான் எழுதுறன். இந்த வளவிலயே பெறுமதியான கட்டடம் இதுதான்."

அந்தச் சொல் என் வயிற்றில் பால் வார்த்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா இருக்கும்வரை பின்வீட்டை இன்னொருவர் கையில் கொடுக்கிற அதிகாரம் எனக்கு இருந்ததே இல்லை. என் ஒரு 'ஓம்' அப்பாவை வெளியே தள்ளியிருக்க முடியாது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே அவர் அதற்கு முளை அடித்து வைத்திருக்கிறார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இதெல்லாம் தெரிஞ்சுகொண்டேயா அப்பா ஒரு கிழமையும் சும்மா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"நீ எத்தின கிழமை கடிதத்தை ஒளிச்சு வெச்சிருந்த?"

 கேட்கவேண்டியது இன்னொன்று இருந்தது, இப்போது கேட்காவிட்டால் பிறகு ஒருநாளும் கேட்கமாட்டேன். "அந்த வீட்டை விட்டுட்டு வரக்குள்ள உங்களுக்குக் கவலையாக இருக்கல்லையாப்பா?"

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு மூளை இருக்கிறதா என்ற சந்தேகம் தெரிந்தது. பிறகு அதிகாரியைத் துணைக்குக் கூப்பிட்டார். "கேளு புள்ள, இவ கேக்கிற கேள்வியை. நான் செட்டிபாளையத்தில பொறந்தன். அது என்ட தங்கச்சிர வீடு. கலியாணம் முடிச்சு இஞ்ச வந்தன். அது மாமிர வீடு, மறுகா பொண்டாட்டிர வீடு. இருவத்தாறு வருஷம் அந்தப் பெரிய வீட்டில இருந்தன். ஒரு ஆணி அடிச்சிருப்பனா? குடையைக் கொழுவ ஒரு ஆணி அடிக்கப் போனன், மாமி சுத்தியலைப் புடுங்கி வெச்சிட்டா. தூணுக்குக் காயம் எண்டா. அவ செத்த பிறகு இவட அம்மா விடல்ல. இவள்ர கலியாணம் எப்ப வரும் எப்ப வரும் எண்டு நாள் எண்ணிட்டு இருந்தன் நான். வந்த அண்டைக்கு மத்தியானமே ஏழு ஆணி அடிச்சன்."

கையை நீட்டிக் காட்டினார். நான் தினமும் பார்க்கிற சுவர்தான். அன்றைக்குத்தான் பார்த்தேன். சுவர் முழுக்க ஆணி. குடைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, நாட்காட்டிக்கு ஒன்று, லாம்புக்கு ஒன்று, றேடியோவின் கம்பிக்கு ஒன்று. அம்மாவின் மணிமாலை தொங்கிய ஆணி இப்போது வெறுமையாக இருந்தது. எதற்கும் இல்லாமல் சும்மா அடித்துவைத்த ஆணிகளும் இருந்தன. நாற்பது அடியை நான் தண்டனையாகவே நினைத்திருந்தேன். அப்பா சுத்தியலோடு அதை ஓடிக் கடந்திருக்கிறார்.

அதிகாரி சுவரையும் படம் எடுத்தார். ஆணிகளை எண்ணி எழுதினார். பிறகு புத்தகத்தை மூடும்போது, ஒரு நல்ல அதிகாரி சொல்லவேண்டியதைச் சொன்னார். "ஐயா, இனி இது பாதுகாக்கப்பட்ட கட்டடம். சுவரில ஒண்டும் செய்யக்குடாது. புதுசா ஆணி அடிக்கக்குடாது."

அப்பா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "என்ன? அப்ப உடைக்கச் சொல்லு. பாதுகாக்க வேணாம். நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வந்து உடை! கக்கூஸைக் கட்டு!"

"அப்பா!" என்றேன் நான்.

"நீ வாய மூடு. வேலைக்காரனுக்கும் ஒரு ஆணி அடிக்க உரிமை இரிக்கு."

அந்த அதிகாரிக்கு மேலிடத்தைச் சமாளிக்கத் தெரிந்திருக்கிறது, அப்பாவைச் சமாளிக்க முடியவில்லை.  தன் வாப்பாவும் இப்படித்தான், பின்னால் இருக்கும் அறைக் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவைத்திருக்கிறார், யார் சொல்லியும் கேட்கவில்லை என்று சொன்னார். பிறகு புத்தகத்தைத் திரும்பத் திறந்து ஒரு வரி எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். குடியிருப்பவர் தம் அன்றாடத் தேவைக்கேற்ப உட்சுவரைப் பயன்படுத்தலாம். "இதை மேல ஆரும் கேட்டா நான் பாத்துக்கிறன்" என்றார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அறிக்கை இரண்டு கிழமையில் வந்தது. முளைக்கட்டையை அடித்த அதே இரண்டு பேர் வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். கக்கூஸ் இப்போது றோட்டோரம், மாமரத்துக்குப் பக்கத்தில் கட்டுகிறார்கள்.

இப்போது யாராவது போடியார் எங்கே படுத்தார் என்று கேட்டால் நான் கட்டிலைக் காட்டுவதில்லை. கிணற்றைச் சுற்றி அழைத்துக்கொண்டு போகிறேன். வெயிலில் நடக்கவேண்டுமே என்று சிலர் முணுமுணுப்பார்கள். பின்வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்கிறேன், நான் என் பெற்றோரிடமிருந்து வீட்டை வாங்கியதையும் சேர்த்து. ஒரு வெட்கமும் வருவதில்லை. அப்பாவுக்கு மனம் இருந்தால் கதவைத் திறப்பார். இல்லாவிட்டால் உள்ளேயிருந்து "இண்டைக்கு ஏலாது" என்பார். குழு அவருக்கும் ஒரு அடையாள அட்டை கொடுக்கப் பார்த்தது. வேண்டாம் என்றுவிட்டார்.

அதிகாரி போன அன்று மத்தியானத்தைச் சொல்லாமல் விடமுடியாது. அவர் பஸ் ஏறியதும் நான் சோறு எடுக்கப் போகவேண்டும் என்று எழுந்தேன். "நில்லு" என்றார் அப்பா. உள்ளே போய்ச் சுத்தியலும் ஒரு ஆணியும் கொண்டுவந்தார். கதவுக்குப் பக்கத்தில், தன் குடைக்கும் தொப்பிக்கும் நடுவில், என் தோள் உயரத்துக்கு அளந்து பார்த்தார். நான் ஆணியைப் பிடித்துக்கொண்டேன், அவர் அடித்தார். குறி தவறி ஒரு அடி என் பெருவிரலிலும் விழுந்தது. நான் கத்தினேன், அவர் திட்டினார்.

"இது என்னத்துக்கப்பா?" என்று கேட்டேன்.

"நீ வந்தா அந்தக் கைப்பையை மடியிலயே வெச்சிட்டு இரிக்கிற, ஓடப்போற ஆள் மாதிரி" என்றார். "கொழுவிட்டு இரி."

கொழுவிவிட்டு, பெருவிரலை வாயில் வைத்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.